முன் இருக்கை

எழுதத் துணிந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். தேர்வுத் தாளுக்கு வெளியே நான் எதையும் எழுதியதில்லை.

காசிமேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் வண்டி நிற்கிறது. எல்லோரும் சபிக்கும் இந்த நெரிசலை நான் வேண்டிக்கொண்டே வந்தேன். கத்தாரிலிருந்து வரும் கணவரை அழைத்துவர மாமனார் பேசிய வேனைப் பணிவுடன் மறுத்து, செயலியில் நானே இந்த வண்டியைப் பதிவு செய்தேன். வீட்டை அடைந்துவிட்டால் உறவினர் சூழ்ந்துகொள்வார்கள். "இனிப் போகாதீர்கள்" என்று சொல்ல எனக்கு இந்தப் பயணம் மட்டுமே உண்டு. ஆனால் என் அருகில் அமர்ந்திருப்பது அவருடைய பை. விமான நிலைய வாசலில் கணவர் ஓடிபி சொன்ன குரலிலேயே அவரை அடையாளம் கண்டுகொண்ட ஓட்டுநர் டில்லிபாபு, அவருடைய பள்ளித் தோழராம். அவரை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்.

"இன்னாடா பிலாலு, கத்தார்ல சோறே போடலியா? துரும்பா கீற!"

"உன் தொப்பைய பாத்துகினு பேசு மாமு!"

இப்படி ஒரு சிரிப்பை அவர் தொலைபேசியில்கூட எனக்குத் தந்ததில்லை. லாரியின் சிவப்பு விளக்கு அவர் காதோரம் படிந்திருக்கிறது. டில்லிபாபு அவர் தோளில் உரிமையோடு தட்டுகிறார்; அந்தக் கையின்மீது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நான் பையின் வாரைப் பிடித்திருக்கிறேன்.

"திரும்பப் போவியா நைனா?"

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன்டா. ரூபினாகிட்ட இன்னும் சொல்லல."

குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார். பின் இருக்கை அவ்வளவு தொலைவில் இல்லை.

லாரிகள் நகரத் தொடங்குகின்றன. நான் இழந்தவை: அவர் அருகில் ஓர் இடம், சொல்ல வைத்திருந்த ஒரு சொல், அதற்கான பதிலை முதலில் கேட்கும் உரிமை, இன்னும் இரண்டு ஆண்டுகள்.