அவர் கேட்ட நீலம்

"என் கண்ணு அவிஞ்சு கிடந்துதுன்னு இப்படிப் பண்ணிட்டியாடி?"

கண் அறுவை முடிந்து கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஓவியர் கத்தினார். சுவர் நெடுக அவருடைய கடைசி ஒரு வருடத்துப் படங்கள். எல்லாமே பழுப்பு.

நிறமே தெரியாத அளவுக்குப் பார்வை மங்கியதிலிருந்து அவர் நிறத்தைச் சொல்வார், மனைவி குழைத்துக் கொடுப்பாள். வரைந்ததெல்லாம் அரூப ஓவியம். எந்த நிறம் வந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்? 'முதுமையின் மண் வாசம்' என்று விமர்சகர்கள் வேறு உருகித் தள்ளியிருந்தார்கள்.

"அத்தனை தடவையும் நீலம்னுதானே கேட்டேன்?"

"நீலம்தாங்க குழைச்சேன். நீங்க வரையாம முடங்கிடக் கூடாதுன்னுதானே இவ்வளவும் செஞ்சேன்."

"விடுங்க சார்," என்றார் படங்களை எடுத்துப்போக வந்திருந்த கேலரிக்காரர். "அந்தப் பழுப்புக்குத்தான் ஊரே அடிச்சுக்குது. நாளைக்குக் கண்காட்சி."

"ஓஹோ, ரெண்டு பேரும் கூட்டா?"

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவளை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. சட்டென்று மேஜை மேலிருந்த கத்தியை எடுத்து ஒரு படத்தின் மேல் வைத்தார்.

"ஐயையோ சார்!" கேலரிக்காரர் பதறினார்.

"என்ன? என்னாச்சு?" என்றாள் மனைவி.

"நடிக்காத. என் முன்னாடி இப்ப நீலம் குழை, பாக்கலாம்."

பெயிண்ட் பெட்டியை அவள் முன் தள்ளினார். அவள் இடது ஓரத்திலிருந்து விரலால் எண்ணி மூன்றாவது ட்யூபை எடுத்தாள். பிதுக்கி, எண்ணெய் விட்டுக் குழைத்துத் தட்டை நீட்டினாள்.

"இந்தாங்க, நீங்க கேட்ட நீலம்."

தட்டில் பழுப்பு பளபளத்தது. ஓவியர் தட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நம்ம பழைய பெட்டி இல்லியே?"

"போன வருஷம் நான்தான் சார் மாத்தி வாங்கினேன்," என்றார் கேலரிக்காரர். "வேற கம்பெனி. ட்யூப் அடுக்குற வரிசை கொஞ்சம் மாறியிருக்கும்."

"மாறிடுச்சா?" மனைவி பெட்டியின் ஓரத்தை மறுபடி தடவினாள்.

ஓவியரின் கையிலிருந்து கத்தி நழுவியது. அவள் முகத்தை இரு கைகளாலும் ஏந்தினார். அவள் பார்வை அவர் காதைத் தாண்டி எங்கோ நின்றது.

"உனக்கு எப்பலேர்ந்தும்மா கண்ணு தெரியல?"