முசுடு ஒட்டாத ஸ்டிக்கர்

"ஸ்டிக்கர் கிடையாது. வண்டியை ஓரங்கட்டுங்க. அடுத்த ஆள்!"

சொல்லிவிட்டு முசுடு நிமிரக்கூட இல்லை. பல் டாக்டரின் குடும்பமே திகைத்துப்போய் நின்றது.

ஒரே கம்பெனி பைக் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி, ரெண்டு நாள் ஆட்டம் போடுகிற இடம் அது. எங்கே திரும்பினாலும் அதே வண்டி, அதே சிவப்புப் பனியன். முதல் நாள் பாட்டு, சாப்பாடு, போட்டோ. ரெண்டாம் நாள்தான் விஷயமே. பந்தயத் தடத்தில் அவரவர் வண்டியை அவரவர் ஓட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் வண்டியைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவரின் நிஜப் பேர் யாருக்கும் தெரியாது. மூஞ்சியைப் பார்த்து எல்லாருமாக வைத்த பேர்தான் முசுடு.

"என்ன சார் குறை?" பாய்ந்து வந்தார் மச்சான். டாக்டர் மனைவியின் அண்ணன். டாக்டரை இந்தக் கூட்டத்தில் இழுத்துவிட்டவரே அவர்தான்.

"சைடு கண்ணாடி கழட்டல."

மச்சான் கழற்றினார்.

"ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டணும்."

ஒட்டினார்.

"டயர்ல காத்து அதிகம்."

இறக்கினார்.

முசுடு முன் சக்கரத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "ஹேண்டில் பேரிங் லூஸ். இது இங்க ஆகற வேலை இல்ல. ஒர்க்‌ஷாப்புக்குப் போகணும். அவ்ளோதான்."

"அநியாயமா இருக்கே! போன வாரம்தான் சர்வீஸ் பண்ணோம். ஒரு வருஷமா மனுஷன் இந்த நாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. புள்ளையைப் பாருங்க, அட்டையில எழுதி எடுத்துட்டு வந்திருக்கா!"

மகள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். 'எங்கப்பா புயல்' என்று எழுதியிருந்தது.

புயல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற மனுஷன், தனக்காக வாயைத் திறந்து வாதாடவில்லை. பாவம், பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"ஏங்க, நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"விடும்மா. ரூல்னா ரூல்தான்."

மச்சானுக்கு ஆறவில்லை. வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க! நல்லவேளை, என் வண்டிக்கு முதல்லயே ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. கவலைப்படாதீங்க மாப்ள. மத்தியானம் நான் ஓட்டற ஓட்டுல ரோடு தீப்பிடிக்கும். உங்க பேரையும் சேர்த்துக் காப்பாத்தறேன்!"

வரிசையே கைதட்டியது. முசுட்டை ஆளாளுக்கு முறைத்தார்கள். அவர் காதே கேட்காதவர் மாதிரி அடுத்த வண்டிக்குக் குனிந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் குடும்பம் கேலரியின் முதல் வரிசையில் இருந்தது. ஆளுக்கொரு ஐஸ்கிரீம். வளைவில் வண்டிகள் சாய்ந்து பறக்கும்போதெல்லாம் டாக்டர் எழுந்து நின்று விசிலடித்தார். மகள் குதித்தாள். மனைவி சிரித்த சிரிப்பில் பாதி ஐஸ்கிரீம் மடியில் விழுந்தது. இந்த மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

சோதனைக் கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் ஆம்புலன்ஸ் நின்றது. நர்ஸுக்குக் காலையிலிருந்து வேலையே இல்லை. ரெண்டு கிளாஸ் டீயோடு முசுட்டிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அந்த டாக்டர் வண்டியில பேரிங் நெஜமாவே லூஸா?"

"கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன்?"

"சாவி குடுக்கும்போது அவர் கையைப் பாத்தேம்மா. வெடவெடன்னு ஆடுது. 'குறை ஒண்ணும் இல்லையே சார்'னு கேக்கறாரு. இருக்குன்னு சொல்லிட மாட்டானான்னு கண்ணு தவிக்குது."

"பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானே?"

"பொண்டாட்டி, பொண்ணு, மச்சான், அட்டை... இத்தனையும் முன்னால வெச்சுக்கிட்டா? அந்தக் கையோட உள்ள விட்டா முதல் வளைவுலயே விழுவாரு. பழியை வண்டி மேல போட்டுட்டா உயிரும் பத்திரம், மானமும் பத்திரம்."

"உங்க பேருதானே கெடுது?"

"என் பேரே முசுடு. இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க திட்டு வாங்கினா எனக்கு வேலை மிச்சம். நல்லா வாங்குங்கண்ணே!"

மத்தியானம் அடுத்த செட்டை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எல்லாரும் தடத்தைப் பார்த்து வண்டியை உருட்ட, ஒரே ஒரு வண்டி மட்டும் எதிர்த்திசையில் முசுட்டிடம் வந்தது.

மச்சான்!

"சார், காலையில கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன்."

"அதனால என்ன? போங்க, உங்க செட்டைத்தான் கூப்பிடறாங்க."

மச்சான் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என் வண்டியை அவசரத்துல சரியாப் பாக்காம ஒட்டிட்டீங்களோன்னு... இன்னொரு தடவை... நல்லாத் தேடிப் பாருங்களேன், சார்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வியர்வை வழிந்து கழுத்தை நனைத்தது. நர்ஸ் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முசுடு குனிந்தார். முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு. பர்ரென்று ஸ்டிக்கரைக் கிழித்தார். கேலரிக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஃபோர்க்ல ஆயில் கசியுது! இந்த வண்டியும் உள்ள போகாது!"

மச்சானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாருக்கும் தெரியாமல் முசுட்டின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அப்புறம் கேலரிப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார்.

"பாத்தியா தங்கச்சி, இந்த ஆளு நம்ம குடும்பத்தையே பழி வாங்கறாரு!"