சத்தமில்லாத வளைவு

புது ஹைப்ரிட் பஸ், டீசலை விட்டு பேட்டரிக்கு மாறிவிட்டால் வருவதே தெரியாது. அப்படித்தான் அது வளைவில் திரும்பியபோது, பார்வையற்ற பெரியவர் ஒருவர் குறுக்கே இறங்கிவிட்டார். டிரைவர் பிரேக்கை மிதித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது பெரியவர் ஓரமாக நின்று சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க கண்டக்டர் விசில் ஊதிக்கிட்டே ஓடிவந்து இழுக்கலேன்னா நான் காலி, தம்பி!"

டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "இதுல கண்டக்டரே கிடையாதுங்க ஐயா. கதவுகூட இன்னும் திறக்கல."

"விளையாடாதீங்க. இப்பதானே ஏறிப் போனாரு? பாவம், மூச்சு வாங்குது. குடிக்கத் தண்ணி குடுங்க."

டிரைவர் திரும்பினார். பஸ்ஸில் ஒரு பயணிகூட இல்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தவர், எந்த இருக்கைக்குப் போவதென்று தெரியாமல் நின்றார்.