பேர் மட்டும் போதும்

"அழைப்பவர்கள் வரிசையில முதல் பேரு என் தம்பி பேரு. எழுதிக்கோ" என்றார் மேனேஜர்.

மகளின் பேனா நின்றது. சமையலறையிலிருந்து அம்மாவே கரண்டியும் கையுமாக வந்துவிட்டாள்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும், அவருக்குத் தெருவில் 'மேனேஜர்' என்றுதான் பேர். தம்பியோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம். அப்பாவின் சுவர்க் கடிகாரம் யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. கடிகாரம் என்றைக்கோ நின்றுவிட்டது. சண்டைதான் இன்னும் ஓடுகிறது.

மறுநாள் காலை மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக டிசைனரைப் பார்க்கப் போக வேண்டும். வாசகம், பேர்கள், எந்தப் பேருக்கு அடுத்து எந்தப் பேர், எத்தனை பிரதி, எல்லாம் முடிவு பண்ணி எழுதிக்கொண்டு வந்தால்தான் வேலையைத் தொடுவேன் என்று அந்தம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேஜையில் மாநாடு. எழுத்து தங்கக் கலரா, வெள்ளிக் கலரா என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று.

"நிஜமாவாப்பா? அப்போ சித்தப்பா வருவாரா?"

மகள் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டாள். அவளுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது சித்தப்பா. முதல் பரீட்சைக்குப் பயந்து அழுதபோது பள்ளிக்கூட வாசலிலேயே மூன்று மணி நேரம் நின்றது சித்தப்பா.

"நீரடிச்சு நீர் விலகுமாம்மா?" என்றார் மேனேஜர், மைக் முன்னால் நிற்கிற மாதிரி.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரை எழுதினாள்.

"இன்னிக்கு மழை கொட்டப் போகுது" என்று முணுமுணுத்தபடி அம்மா உள்ளே போனாள்.

மறுநாள், நாலு சுவரிலும் மாதிரிப் பத்திரிகைகள் ஒட்டிய அந்தச் சின்ன அறையில், டிசைனர் தாளை வாங்கிப் படித்தார்.

"முதல் பேரே தம்பி பேரா? பெரிய மனசு சார் உங்களுக்கு. மத்த வீடுகள்ல இந்த வரிசையிலதான் அடிதடியே நடக்கும்."

"நாலு பேர் பார்க்கணும் பாருங்க. அத்தனை சண்டைக்கு அப்புறமும் தம்பி பேரை முதல்ல போட்டிருக்கார்யா அண்ணன்னு சொல்லணும்."

"முதல் பத்திரிகையும் அவருக்குத்தான் வைப்பீங்க போல."

"அவனுக்கா? அவனுக்கு எதுக்குங்க பத்திரிகை? பேர் மட்டும் போதும்."

"அப்பா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரும்மா. அவன் பையனுக்கும் அடுத்த மாசம் கல்யாணமாம். மூணாம் மனுஷன் சொல்லித்தான் எனக்கே தெரியுது. அவன் வாசப்படியை நான் மிதிக்கணுமா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேற்று அழுதது தண்டம்.

டிசைனர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக்கூடாதுதான் சார். ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட சொல்றது தொழிலுக்கு அழகில்ல..."

இப்படி ஆரம்பித்துவிட்டுச் சொல்லாமல் விட்டவர் யார்?

"உங்க தம்பி போன வாரம் இங்க வந்திருந்தார். அவங்க பத்திரிகையில முதல் பேரு உங்க பேருதான்."

மேனேஜர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்படியா! பார்த்தியாம்மா? என்ன இருந்தாலும் என் தம்பி! பத்திரிகை வைக்க எப்போ வர்றானாம்?"

"அதான் சார்... உங்களுக்குப் பத்திரிகை கிடையாதாம். ஊருக்குக் காட்டறதுக்கு உங்க பேர் இருந்தா போதும்னுட்டார்."

மேனேஜர் எழுந்தே விட்டார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன திமிர் பாருங்க! என் பேரைப் போட்டு நல்ல பேர் வாங்கிக்குவான், என்னைக் கூப்பிட மாட்டானா? அவனெல்லாம் ஒரு மனுஷனா? இப்படி ஒரு வேஷக்காரனை நான் பார்த்ததே இல்ல!"

அந்த அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் மாட்டியிருக்கவில்லை.

"அப்போ தம்பி பேரை எடுத்துடட்டுமா சார்?" என்றார் டிசைனர், பவ்யமாக.

"எடுக்கறதா? நல்லாயிருக்கே! முதல் பிரதியை எனக்குக் கொடுங்க. நானே நேர்ல போறேன். குடும்பத்தோட வந்து நிக்கணும்டான்னு அவன் கையில கொடுக்கறேன். அவன் வெட்கத்துல தலை குனியணும். யார் பெரிய மனுஷன்னு ஊர் பார்க்கட்டும்!"

காரைத் திருப்பி நிறுத்துகிறேன் என்று விறுவிறுவென வெளியே போனார்.

மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, சித்தப்பாவா அப்படிச் சொன்னார்? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே."

டிசைனர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"உங்க சித்தப்பாவை நான் கண்ணால பார்த்ததுகூட இல்லம்மா. ஒருவேளை அவரும் பத்திரிகை அடிக்க இங்க வந்தா, அவர்கிட்டயும் உங்க அப்பாவைப் பத்தி இதையேதான் சொல்லுவேன்."