கேட்டதைச் சொல்லும் பறவை

மாலை நாலு மணிக்கே அந்த ஆஸ்திரேலியக் காட்டில் இருட்டத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பறவை இங்கே கேட்ட ஒலிகளை அப்படியே திருப்பிச் சொல்லும் என்று ஆங்கிலத்தில் விளக்கிய வழிகாட்டி, படிக்க வந்த மற்ற மாணவிகளைப் பேருந்துக்கு அனுப்பிவிட்டு, பறவையைக் காட்டுவதாகக் கோமதியை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

“உன் தொணதொணப்பையும் படிச்சுக்கப் போவுதுடி,” என்று ரோகிணி கேலி செய்துவிட்டுப் போனாள்.

புதருக்குள்ளிருந்து பையின் ஜிப்பை இழுக்கும் ஓசை வந்தது. அடுத்து அங்கிருந்தே வழிகாட்டியின் வறட்டு இருமல். அவர் சிரித்தார், கோமதியும் சிரித்தாள். பிறகு யாரோ ஒரு பெண்ணின் குரலில், தமிழில், “வேணாம் சார், விட்டுடுங்க” என்றது பறவை.

கோமதி அசையவில்லை. வழிகாட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் மொழிதானே? என்ன சொல்கிறது?”