குண்டன் விழுங்கிய மூடி

"குண்டன் மூடியை முழுங்கிடுச்சு! உப்புத் தண்ணி கரைச்சிட்டேன், வாயில ஊத்திடவா?" என்று அவள் போனில் பதறினாள். "ஐயோ, வேண்டாம்! அதுவே விஷமாயிடும். அப்படியே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ, நானும் வர்றேன்" என்றான், கோபித்துக்கொண்டு வெளியே வாடகை அறைக்குக் குடிபோயிருந்த கணவன். இப்போது நாய் டாக்டரின் ஸ்டீல் மேசைக்கு இருபுறமும் இருவரும் நிற்கிறார்கள். நடுவில் அவர்கள் நாய் குண்டன். வாந்தி வரவைக்கும் ஊசி போட்டாகிவிட்டது. எச்சில் நூலாக வழிகிறது. விளக்கு வெளிச்சத்தில் விலா துருத்தியாக ஏறி இறங்குகிறது. "குடலுக்குள்ள இறங்கியிருந்தா வயித்தைக் கிழிக்கணும்" என்றபடி டாக்டர் தட்டை ஏந்துகிறார். "கக்குடா ராசா! உங்கம்மா சோறே போடறதில்லையா, பிளாஸ்டிக்கைத் திங்கிறே?" என்று அவன் நாயின் காதில் கெஞ்சுகிறான். "ஆமா, இப்ப வந்து கேளுங்க!" என்கிறாள் அவள். குண்டனின் உடம்பு ஒருமுறை குலுங்குகிறது. பச்சை நிற பாட்டில் மூடி டங்கென்று தட்டில் விழுந்து சுழல்கிறது, உடையாமல், முழுசாக. "வந்துடுச்சு!" டாக்டரே கூவிவிடுகிறார். குண்டன் வெட்கமில்லாமல் வாலை ஆட்டுகிறது. அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறான். நாயின் முதுகில் அவன் கைமேல் தன் கை இருப்பதை அவள் பார்க்கிறாள், எடுக்கவில்லை. இத்தனை மாதமாக வீம்பு அடைத்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறாள்: "நீங்களும் எங்ககூட வீட்டுக்கு வந்துடுங்களேன்."