முழங்கால் தண்ணீர்

சுருட்டைக்கொம்பி என்றொரு எருமை இருந்தாள். மற்ற எருமைகளெல்லாம் குளத்தில் ஊறிக் கிடக்க, இவள் மட்டும் முழங்கால் தண்ணீரோடு நின்றுவிடுவாள். கேட்டால், "குளிர் எனக்கு ஒத்துக்காது" என்பாள். சித்திரை வெயிலிலும் அதையேதான் சொல்வாள்.

அவள் முதுகில் உண்ணி பொறுக்கும் கொக்கு ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அன்று ஒரு தாமரைத் தண்டு காலைச் சுற்றியதும் சுருட்டைக்கொம்பி துள்ளிக் கரையேறினாள்.

"என்னன்னு நினைச்சே?" என்றது கொக்கு.

"கயிறுன்னு..." என்றாள். "கன்னுக்குட்டியா இருந்தப்போ என் கழுத்துக் கயிறு தண்ணிக்குள்ள ஒரு வேர்ல மாட்டிக்கிச்சு. மூச்சு முட்டிச்சு. அம்மா முன்னாடி போயிட்டா. இத்தனை நாளா இந்த ஞாபகம் எங்கே கிடந்துச்சு?"

"இப்போ காலைச் சுத்தின கயிறு எங்கே?"

திரும்பிப் பார்த்தாள். துள்ளியபோது அவள் அறுத்தெறிந்த தண்டு இரண்டு துண்டாக மிதந்தது.

அடுத்த நொடி அவள் பாய்ந்த வேகத்தில் குளமே கரை தளும்பியது. நடுக்குளத்தில் அவள் முதுகு முழுகியதும், கொக்கு அலறியடித்துக் கொம்பில் தொற்றிக்கொண்டது. "ஐயையோ, கரைக்குப் போடி!"

சுருட்டைக்கொம்பி நிதானமாகக் கேட்டாள்: "தண்ணின்னா உனக்கு ஏன் இவ்வளவு பயம்? சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?"